பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைக்கு விற்றமின் டி வாங்குமுன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைக்கு விற்றமின் டி கொடுத்தால் இரண்டு வருட வேலை ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்றொரு பேச்சு கொழும்பில் பெற்றோரிடையே பரவியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருகிறது, பாமசியில் கேட்கிறார்கள், கம்பி இறுக்க வரும்போது எங்களிடமும் கேட்கிறார்கள். இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆய்வுகூடத்தில் உண்மையாக நடந்த வேலையின் ஒரு நுனி இதில் இருக்கிறது. அந்த நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பதுதான் ஆபத்து. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறோம்; தங்கள் பத்திரிகையில் இடம் தர வேண்டுகிறோம்.

பல் எலும்புக்குள் ஆணி அடித்தது போல் நிற்பதில்லை. வேருக்கும் தாடையெலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது. அப்பியாசக் கொப்பியின் இரண்டு தாளை ஒன்றாக வைத்தால் எவ்வளவு தடிப்போ அவ்வளவுதான். அந்த ஒடுங்கிய இடத்துக்குள் நார்களும் இரத்தக் குழாய்களும் கலங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. கம்பி ஒரு வேட்டைப் பல்லைப் பின்னுக்குத் தள்ளும்போது பின்பக்க நார் நசிகிறது, முன்பக்க நார் இழுபடுகிறது. நசிந்த பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் கலங்கள் வந்து சேர்ந்து பல்லுக்கு வழிவிடுகின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் கலங்கள் புது எலும்பைப் போட்டு, பல் விட்டுப்போன இடத்தை நிரப்புகின்றன. இரண்டும் சேர்ந்து நடந்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நகர்வு கிடைக்கும். முன்கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினால் கிடைக்கும் இடைவெளி சுமார் 7 மில்லிமீற்றர். வேட்டைப் பல் அதற்குள் வந்து சேர ஏன் ஆறேழு மாதம் போகிறது என்பதற்கு இதுவே கணக்கு.

இந்த வேலையில் விற்றமின் டி எங்கே வருகிறது? தோலில் வெயில் பட்டு உண்டாகும் விற்றமின் முதலில் ஈரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து கல்சிற்றியோல் என்ற ஹோர்மோனாகிறது. இந்த ஹோர்மோன் எலும்பைக் கட்டும் கலத்தில் ராங்க்-எல் என்ற புரதத்தைக் கூட்டுகிறது. எலும்பைக் கரைக்கும் கலங்கள் முதிர்ந்து வேலைக்கு இறங்குவதற்கான அழைப்பே அந்தப் புரதம்தான். அதே கல்சிற்றியோல், குடலிலிருந்து கல்சியத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாகப் போட்ட எலும்பு இறுகவும் உதவுகிறது. கரைப்பது, கட்டுவது என்ற இரண்டு பக்கத்திலும் இதற்குக் கை இருப்பதால்தான் பல் சீரமைப்பு ஆய்வாளர்களின் கண் இதன் மேல் விழுந்தது.

1988இல் வெளியான ஆய்வொன்றில், பூனைகளின் வேட்டைப் பல்லைச் சுற்றியுள்ள நாருக்குள் வாரம் ஒரு தடவை கல்சிற்றியோல் ஊசி போட்டார்கள். 21 நாளில், ஊசி போட்ட பக்கத்துப் பல் மற்றப் பக்கத்தை விட ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதலாக நகர்ந்திருந்தது. 2004இல் எலிகளில் செய்த ஆய்வொன்று கல்சிற்றியோலையும், அழற்சியின்போது உடம்பு தானே உண்டாக்கும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளையும் ஒப்பிட்டது. இரண்டுமே நகர்வைக் கூட்டின. கல்சிற்றியோல் போட்ட இடத்தில் கரைப்புக்கும் கட்டலுக்கும் இடையே சமநிலை நன்றாக இருந்தது. மனிதரிலும் சிறு அளவில் முயன்று பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு நகர்வு கூடியது, சில ஆய்வுகளில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பங்குபற்றியோர் தொகையும் குறைவு, அளவும் போட்ட முறையும் ஆய்வுக்கு ஆய்வு வேறு. எனவே இந்த ஊசி இன்னும் வழமையான சிகிச்சைக்குள் வரவில்லை.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மனிதரில் பல்லருகே போட்ட ஊசிகளின் அளவு சில பத்துப் பிக்கோகிராம்தான். ஒரு மைக்ரோகிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு பிக்கோகிராம். நமது பாமசிகளில் கிடைக்கும் 0.25 மைக்ரோகிராம் கல்சிற்றியோல் குளிசையில் 250,000 பிக்கோகிராம் இருக்கிறது. அதாவது 25 பிக்கோகிராம் ஊசியொன்றைப் போல் பத்தாயிரம் மடங்கு. ஊசி ஒரு பல்லின் நாருக்குள் நிற்கிறது. விழுங்கிய குளிசை உடம்பு முழுவதும் போகிறது. பல்லைத் தேடிப் போவதில்லை. பூனைக்குப் போட்ட ஊசியின் பெறுபேற்றை வைத்துக்கொண்டு பிள்ளைக்குக் குளிசை கொடுக்க எந்த நியாயமும் இல்லை.

அப்படியானால் வாயால் எடுக்கும் விற்றமின் டிக்குப் பல் நகர்வில் வேலையே இல்லையா? குறைபாடு உள்ளவருக்கு உண்டு. இரத்தத்தில் விற்றமின் டி குறைந்தால் குடல் கல்சியத்தைச் சரியாக எடுக்காது. உடனே கழுத்திலுள்ள பராதைரொயிட் சுரப்பி எலும்பிலிருந்து கல்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு விடும். புதிதாகப் போடப்படும் எலும்பு இறுகாமல் பதமாகவே கிடக்கும். அப்படிப்பட்ட எலும்பில் பல்லை நகர்த்தினாலும், நகர்ந்த இடத்தில் அதை நிறுத்திவைக்கப் பின்னால் உறுதியான எலும்பு இருக்காது. குறைபாட்டைத் திருத்துவது இதற்காகத்தான். போதியளவு உள்ள பிள்ளைக்கு மேலதிகமாகக் கொடுத்தால், கல்சிற்றியோல் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சிறுநீரகம் செய்யும். பல் அதனால் விரைவதில்லை.

விற்றமின் டி மாத்திரை பல்லையே உறுதியாக்கும் என்ற இன்னொரு மயக்கத்தையும் இந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். முதலாம் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளில், எலும்பு இறுகாமல் வளைந்துபோகும் ரிக்கெற்ஸ் நோயை உணவால் உண்டாக்கி, கொட் மீன் ஈரல் எண்ணெயால் அதைத் தடுத்துக் காட்டினார். அவர் மனைவி மே மெலன்பி, அத்தகைய உணவில் வளர்ந்த குட்டிகளின் பற்கள் குறையாக உருவாவதைக் கண்டார். அது பல் உருவாகும் காலத்துக்குரிய விடயம். முளைத்துவிட்ட பல்லின் எனாமலை இப்போது விழுங்கும் மாத்திரை தடிப்பாக்காது.

வெயில் கொட்டும் கொழும்பில் விற்றமின் டி குறையுமா என்று கேட்கிறார்கள். நாம் ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறோம்; வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விற்றமினை உண்டாக்கும் யூவி-பி கதிர் சூரியன் உயர நிற்கும்போதுதான் நிலத்துக்குப் போதியளவு வந்து சேரும். இதை அளக்கக் கருவி வேண்டாம்: வெளியில் நின்று நிழலைப் பாருங்கள், நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக இருந்தால் அந்தக் கதிர் வருகிறது. கொழும்பில் வருடம் முழுவதும் காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 2 மணி வரை நிழல் அப்படித்தான் இருக்கும். அந்த நேரம் முழுக்கப் பிள்ளை வகுப்பறைக்குள். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டால் வான் ஏறுகிறது. வான் கண்ணாடி யூவி-பி கதிரை உள்ளே விடாது. பிறகு ரியூசன் மண்டபம், வீடு திரும்பினால் தொடர்மாடி. மாலை ஐந்தரைக்குக் காலிமுகத்திடலில் நடப்பது உடம்புக்கு நல்லதுதான், ஆனால் விற்றமின் டிக்கு அந்த வெயில் உதவாது. கறுத்த தோலில் இதே விற்றமின் உண்டாகக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறில் நண்பகலுக்குக் கிட்டிய நேரத்தில் முகமும் கையும் வெயில் பட 15, 20 நிமிடம் விளையாட விடுங்கள். தோல் எரிய முன் நிழலுக்குக் கூப்பிட்டுவிடுங்கள். நமது நண்பகல் வெயில் கடுமையானது.

சாப்பாட்டில் இருந்து கிடைப்பது கொஞ்சம்தான். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 40 அலகு (பெட்டிகளில் IU என்று போட்டிருக்கும் சர்வதேச அலகு). சாளை, கும்பளா போன்ற கொழுப்புள்ள மீனிலும் டின் மீனிலும் இதை விடக் கூட. பால்மாவில் சேர்த்திருக்கிறார்களா என்பதைப் பைக்கற்றின் பின்புறம் வாசித்துத்தான் அறிய வேண்டும். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியம் கிடைக்கும். 9 முதல் 18 வயது வரை நாளுக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். அது இல்லாமல் விற்றமின் டி மட்டும் வந்து பயனில்லை.

இனி இரத்தப் பரிசோதனை. கம்பி போடும் எல்லாப் பிள்ளைக்கும் இது வேண்டியதில்லை. வலிப்புக்கு ஃபெனிற்றோயின், ஃபீனோபாபிற்றோன், கார்பமஸெபின் போன்ற மருந்து நீண்டகாலம் எடுப்பவர், குடல், ஈரல், சிறுநீரக நோயுள்ளவர், உடல் பருமன் கூடியவர், வெயிலே படாதவர், கால் எலும்பு நோவென்றும் படியேறக் களைப்பென்றும் சொல்பவர் ஆகியோரில் கேட்டுப் பார்ப்பது நியாயம். கேட்கும்போது ‘25-ஹைட்ரொக்சி விற்றமின் டி’ என்று சரியாக எழுதிக் கேட்க வேண்டும். ‘1,25-டைஹைட்ரொக்சி’ என்பது வேறு பரிசோதனை. குறைபாடு உள்ளவரிலும் அது சாதாரணமாகவோ கூடுதலாகவோ வரலாம், ஏனெனில் பராதைரொயிட் ஹோர்மோன் சிறுநீரகத்தை முடுக்கிவிட்டிருக்கும். காசும் கூட, பதிலும் பிழை.

அறிக்கை கையில் வந்ததும் இலக்கத்தை மட்டும் பார்க்காமல் அதன் பக்கத்தில் உள்ள அலகையும் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் மில்லிலீற்றருக்கு நனோகிராமில் தருகின்றன, சில லீற்றருக்கு நனோமோலில் தருகின்றன. முதலாவதை 2.5ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். 45 நனோமோல் என்ற அறிக்கையை 45 நனோகிராம் என்று வாசித்து ‘நன்றாக இருக்கிறது’ என்று வைத்துவிட்டால், உண்மையில் அது 18 நனோகிராம். 20 நனோகிராமும் அதற்கு மேலும் எலும்புக்குப் போதும் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. 12க்குக் கீழே போனால் தெளிவான குறைபாடு. 20க்கும் 30க்கும் நடுவில் நிற்பவரை நோயாளி என்று பயமுறுத்தத் தேவையில்லை.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் 70 வயது வரையான பெரியவர்களுக்கும் நாளாந்தத் தேவை 600 அலகு, அதாவது 15 மைக்ரோகிராம். 9 வயதுக்கு மேல், வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் நாளுக்கு 4000 அலகைத் தாண்டக்கூடாது. குறைபாடு உறுதியானால் எத்தனை அலகு, எத்தனை வாரம் என்பதைப் பிள்ளைநல வைத்தியரோ பொது வைத்தியரோ தீர்மானிக்க வேண்டும். பல் வைத்தியர் கடிதம் எழுதி அவரிடம் அனுப்புவதே முறை. கொழுப்பில் கரையும் விற்றமின் என்பதால் வெறும் வயிற்றில் எடுக்காமல் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். இரத்தத்தில் இதன் அரைவாழ்வு இரண்டு மூன்று வாரம். தொடங்கி இரண்டு வாரத்தில் மறுபடி பரிசோதித்துப் பார்ப்பது வீண். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது பாமசி மேசையில் நடக்கும் குழப்பம். இரண்டு பெட்டிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ‘கொலெகல்சிஃபெரோல் 1000 அலகு’ என்று இருக்கும். அது 25 மைக்ரோகிராம், சாதாரண விற்றமின் டி. மற்றதில் ‘அல்ஃபாகல்சிடோல் 0.25 மைக்ரோகிராம்’ என்று இருக்கும். இலக்கத்தைப் பார்த்தால் இரண்டாவது நூறில் ஒரு பங்கு, பிள்ளைக்கு ஏற்ற மெல்லிய மருந்து என்று தோன்றும். விடயம் நேர்மாறானது. அல்ஃபாகல்சிடோல், சிறுநீரகம் செய்ய வேண்டிய மாற்றத்தை முன்கூட்டியே செய்து வைத்த மருந்து; சிறுநீரகம் பழுதான நோயாளருக்காக வந்தது. ஈரல் தன் பங்கைச் செய்ததும் நேரே கல்சிற்றியோலாகிவிடும். சிறுநீரகத்தின் கட்டுப்பாடு அங்கே இல்லை. கூடிப்போனால் இரத்தத்தில் கல்சியம் ஏறும்: தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, சோர்வு, நீடித்தால் சிறுநீரகக் கல். அல்ஃபாகல்சிடோலை விழுங்குவதால் இரத்தப் பரிசோதனையில் 25-ஹைட்ரொக்சி அளவு ஏறவும் மாட்டாது. ‘இன்னும் குறைவாகத்தான் இருக்கிறது’ என்று அளவைக் கூட்டிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

மற்றது 50,000, 60,000 அலகுக் குளிசைகள். இவை வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், குறித்த சில வாரங்களுக்கு மட்டும் எழுதப்படுபவை. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து நாளுக்கொன்று விழுங்கினால் மேலே சொன்ன நச்சு நிலை வரும். கொட் மீன் ஈரல் எண்ணெயையும் விருப்பம் போல் கூட்ட வேண்டாம். அதில் விற்றமின் ஏயும் இருக்கிறது, அதுவும் உடம்பில் தேங்கும்.

கம்பி வேலை இழுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் விற்றமின் அல்ல. முதலாவது, கூடிப்போன விசை. ‘நல்லா இறுக்கிவிடுங்கோ டொக்டர், கெதியா முடியட்டும்’ என்று அன்போடு கேட்கும் பெற்றோர் பலர். வேரைச் சுற்றிய மயிர்த்துளைக் குழாய்களின் அழுத்தம் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 20 முதல் 26 கிராம்தான் என்று 1932இலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். விசை அதை மிகவும் தாண்டினால் நசிந்த பக்கத்தில் இரத்தம் நின்று, நார் செத்துக் கண்ணாடி போல் ஆகிவிடும். செத்த இடத்தில் எலும்பைக் கரைக்கும் கலம் பிறக்காது. பக்கத்து எலும்பு மச்சைக்குள் இருந்து கலங்கள் சுற்றி வந்து, அந்தச் செத்த பகுதியை அடியால் அரித்து நீக்க இரண்டு முதல் நாலு வாரம் போகும். அது வரை பல் அசையாது. அதோடு வேரின் நுனியும் சேர்ந்து கரையத் தொடங்கலாம். கரைந்த வேர் திரும்ப வளராது. பல்லை வேரோடு சேர்த்து நகர்த்த 70 முதல் 120 கிராம் விசை போதும். ஒரு பல்லை எலும்புக்குள் உள்ளே அமிழ்த்த 10 முதல் 20 கிராம்.

இரண்டாவது ரப்பர் வளையம். ஒரு நாளில் நாலு தொடக்கம் எட்டு மணித்தியாலமாவது தொடர்ந்து விசை நின்றால்தான் கலங்கள் வேலை தொடங்கும். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றி, நாளுக்கு 22 மணித்தியாலம் போட வேண்டியதைப் பிள்ளை நித்திரையில் மட்டும் போட்டால் மாதங்கள் வீணாகும். ரப்பர் வாயின் ஈரத்தில் தளர்ந்துவிடும். நாளுக்கொரு தடவை மாற்ற வேண்டும். மூன்றாவது, கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிரெக்கற் கழல்வது. மஸ்கட், தொதல், முறுக்கு, ஐஸ் கட்டி எல்லாம் அதைக் கழற்றும். கழன்றதைச் சொல்லாமல் அடுத்த தவணை வரை விட்டால் அந்தப் பல் பழைய இடத்துக்கே திரும்பத் தொடங்கும். சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் மூன்று நாலு மாதம் வராமல் விடுவதும் இதே கணக்கில்தான் சேரும். கம்பி இறுக்கிய அன்றைய நோவுக்குப் பரசிற்றமோல் கொடுங்கள். இபுபுறூஃபன் வகையைத் தொடர்ந்து கொடுத்தால், எலும்பைக் கரைக்கும் வேலைக்குத் தேவையான புரொஸ்டகிளாண்டினை அது குறைத்துவிடும். முரசு வீங்கி இரத்தம் வடிந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் கம்பியை இறுக்கக்கூடாது.

கம்பி கழற்றிய பிறகும் எலும்பு வேலை முடிவதில்லை. பல்லைச் சுற்றிய நார் ஒழுங்குக்கு வர மூன்று நாலு மாதம். முரசில் உள்ள மீள்தன்மை நார் ஒரு வருடம் வரை பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். பல்லை நகர்ந்த இடத்திலேயே பிடித்துவைக்கும் ரிற்றெய்னரைப் போடச் சொல்வது அதற்காகத்தான். விற்றமின் டி குறைபாடு இருந்து அது திருத்தப்படாமல் விடப்பட்ட பிள்ளைக்கு இந்தக் காலம்தான் முக்கியம். புது எலும்பு இறுக வேண்டிய நேரம் இது. ‘கம்பி கழற்றியாச்சு’ என்று மாத்திரையையும் ரிற்றெய்னரையும் ஒன்றாக நிறுத்திவிடுகிறார்கள்.

தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். விற்றமின் மாத்திரை விளம்பரங்களில் ‘பல் சீரமைப்பை விரைவாக்கும்’ என்ற வரி வந்தால் அதைப் பிரசுரிக்க முன் கேள்வி கேளுங்கள். சுகாதாரப் பக்கத்தில் விற்றமின் டி பற்றி எழுதுவோர் அளவையும் அலகையும் மருந்தின் முழுப் பெயரையும் சேர்த்தே எழுதட்டும். பாமசி நடத்துவோரிடமும் ஒன்று கேட்கிறோம். அல்ஃபாகல்சிடோலை வைத்தியர் எழுதிய துண்டில்லாமல் கொடுக்காதீர்கள். வாரத்துக்கொரு குளிசையைக் கொடுக்கும்போது அந்தச் சின்னக் கடதாசி உறையில், வீட்டில் மருந்து எடுத்துக் கொடுக்கும் அம்மம்மாவும் வாசிக்கும்படி, ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, ஆறு வாரம்’ என்று எத்தனை வாரமோ அதைக் குறித்துத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பல் சீரமைப்புத் துறையில் பணிபுரியும் பல் வைத்தியர்கள் சிலர்,
கொழும்பு